எந்தப் பஞ்சி?

"நீங்க எங்கிங்க நின்னீங்க?"

சுவிஸில் எம்மன்புரூக்கே என்கிற எங்கள் ஊரில் பழைய நூல் ஆலையில் வேலை செய்த யாரைக் கண்டாலும் அந்தப் பிள்ளை முதலில் கேட்பது இதைத்தான். எத்தனை வருடம் வேலை செய்தீர்கள், ஆலை ஏன் சுருங்கிப் போனது என்பதெல்லாம் பிறகு. முதலில், எங்கே நின்றீர்கள். "அங்கேதான், உள்ளே" என்று கையை வீசிக் காட்டினால் விடமாட்டாள். கையோடு கூட்டிப்போய் அந்த ஆளை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுத்தான் மூச்சு விடுவாள்.

ஆலை இப்போது ஆலையாக இல்லை. ஒரு மூலையில் இன்னும் ஏதோ ஓடுகிறது. மிச்சக் கட்டடமெல்லாம் படம் கீறி வரையப் பழகுகிற பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கோப்பிக் கடை, சுவரில் தொங்கி ஏறிப் பழகுகிற இடம் என்று ஆகிவிட்டது. இத்தாலிக்காரக் கிழவர் ஒருவர் தன் இளமை முழுதும் நின்ற இடம் இன்று பெண்கள் கழிப்பறை. அவர் அதன் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட வந்தவர் போல நின்றார். உள்ளேயிருந்து வந்த படிக்கிற பெட்டை ஒருத்தி திடுக்கிட்டு, தான்தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினாள். பார்த்துக்கொண்டு நின்ற எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. தன் அரைகுறை ஜெர்மனில், "இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியா?" என்று அவரிடம் கேட்டாள்.

அவள் எங்கள் வீட்டில் கூரைக்குக் கீழே இருக்கிற சின்ன அறையில் அரை வருடம் இருந்தாள். அது என் சொந்த வீடு. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். அகதியாக வந்து, முகாமில் கிடந்து, இந்த நூல் ஆலையில் இரவும் பகலும் மாறி மாறி ஷிக்ட் நின்று, பிறகு ஒரு வாளியும் ஒரு துடைப்பமுமாகத் தொடங்கிய துப்புரவுக் கொம்பனி இன்று லுட்செர்ன் நகரம் முழுக்க ஓடுகிறது. வான்களில் என் பெயரின் முதல் எழுத்துத்தான் இருக்கிறது. பட்டம் பெற்றவர்கள் என்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அவள் ஊர் கோயம்புத்தூர். இங்கே வருவதற்கு முதல் நெதர்லாந்தில், ஒரு காலத்தில் கம்பளி நெய்த நகரம் ஒன்றில் ஒரு வருடம் படித்திருக்கிறாள். ஆலை மூடினால் ஊர் என்ன ஆகிறது என்பதுதான் படிப்பாம். அதற்கு ஒரு பல்கலைக்கழகமா என்று எனக்குத் தோன்றியது. என்னைக் கேட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் சொல்லி முடித்திருப்பேன்.

"அந்த ஊரை எப்படிப் பிள்ளை சுத்திப் பாத்தனீர்? கையில காசும் இல்லை எண்டுறீர்" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மூடுன மில்லுக்கு டிக்கெட் இல்லீங்க அங்கிள்" என்றாள். "அரண்மனைக்குத்தான் டிக்கெட். மில்லுன்னா சுவரு வெளியில நிக்குது, புகைபோக்கி வானத்துல நிக்குது, எல்லாம் சும்மாவே பாத்துக்கலாமுங்க. பழைய சைக்கிள் ஒண்ணு வாங்கினேன். பிரேக்கு மட்டும் இல்ல. அங்க மேடு பள்ளம் கிடையாதுங்களா, அதனால காலாலேயே நிறுத்திக்குவேன்."

சந்தை முடிகிற நேரத்தில் போனால் வாழைப்பழத்தைச் சும்மாவே தள்ளிவிடுவார்களாம். மழை வந்தால் பழைய ரயில் பட்டறையை நூலகமாக மாற்றியிருக்கிறார்களாம், அதற்குள் போய்ச் சூட்டோடு இருப்பாளாம். அங்கேயும் வாய்க்கால் கரையில் நாயோடு வருகிற கிழவர்களை மறித்து, நீங்கள் எங்கே நின்றீர்கள் என்றுதான் கேட்டாளாம். ஒரு கிழவர் தன் நாயைப் பழைய சாயச் சாலை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து நின்று காட்டியிருக்கிறார்.

சுவிஸுக்கு வந்த பிறகு சைக்கிளும் இல்லை. லுட்செர்னிலிருந்து எம்மன்புரூக்கேக்கு ரொய்ஸ் ஆற்றங்கரையால் நடந்துதான் வருவாள், பஸ்ஸில் ஏறமாட்டாள். போத்தலில் தெருவோரத் தண்ணீர்த் தொட்டிகளில் பிடித்த தண்ணீர். கடை பூட்டுகிற நேரத்தில் அரைவிலைச் சீட்டு ஒட்டிய பாண் ரொட்டி. எங்கள் சமையலறையில் மாவை அரைத்து, குளிர்காலத்தில் ஹைட்சுங்கின் மேலே வைத்துப் புளிக்க வைப்பாள். வீட்டைச் சூடாக்குகிற அந்த இரும்புக் குழாயில் இட்லி மா பொங்கும் என்று இத்தனை காலம் இங்கே இருந்த எங்களுக்கே தெரியாது.

ஆனால் நான் எழுத வந்தது அவளுடைய சிக்கனத்தைப் பற்றி அல்ல. சிக்கனத்தை நாங்கள் பார்க்காததா? அவளிடம் இருந்த ஒரே ஒரு குணத்தைப் பற்றித்தான். யார் எதைச் சொன்னாலும், சொன்னதைச் சொன்னபடியே எடுப்பாள். அதில் ஒரு பிடி குறைக்கவும் மாட்டாள், கூட்டவும் மாட்டாள்.

பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரப் பெண்மணி அவளைத் தெருவாசலில் கண்டு, "ஒரு நாள் கோப்பி குடிக்க வாருமன்" என்று சொல்லியிருக்கிறாள். இந்த நாட்டில் அதற்கு அர்த்தம், வழியை விடும், நான் போகவேண்டும் என்பதுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பிள்ளை அடுத்த சனிக்கிழமை, தலை வாரிப் பொட்டு வைத்து, ஒரு டப்பா முறுக்கோடு போய் அந்த வீட்டு மணியை அடித்துவிட்டாள். என் மனைவி யன்னலால் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, மானம் போகுது! இஞ்சேருங்கோ, போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

நான் போவதற்குள் கதவு திறந்து பூட்டியாகிவிட்டது. இரண்டு பேரும் உள்ளே. பொழுதுபடத்தான் வெளியே வந்தாள். அந்தப் பெண்மணி நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்கு ஒரு வணக்கத்துக்கு மேல் சொன்னதில்லை. இப்போது முறுக்கு எப்படிச் சுடுவது என்று என் மனைவியிடம் வந்து கேட்கிறாள்.

என் பேச்சையும் அப்படித்தான் எடுத்தாள். எங்கள் வீட்டில் நான் என் கதையைத் தொடங்கினால் மகன் போனை எடுப்பான், மனைவி குசினிக்குள் போவாள். இவள் மட்டும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருப்பாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "இந்த எம்மன்புரூக்கே முழுதையும் கழுவித் துடைச்சவன் நான்தான் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன்.

"முழுசுங்களா?"

"முழுக்க."

"அந்த ரவுண்டானாகிட்ட புதுசா ஒரு உசரமான கட்டடம் இருக்குதுங்களே, அதுமா?"

"அதுவும்தான்" என்றேன். சொன்ன வாயை மாற்ற முடியுமா?

மறுநாள் அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "படியெல்லாம் நல்லா பளிச்சுன்னு இருக்குதுங்க அங்கிள்" என்றாள். கேலி இல்லை. அந்தக் கட்டடம் உண்மையில் இன்னொருவனுடைய கொந்தராத்து. அடுத்த முறை அந்த வேலைக்கு விலை கேட்டபோது நான் போட்டி போட்டு எடுத்தேன். அவள் நம்பிவிட்டாளே, என்ன செய்கிறது?

இப்படிப்பட்டவளிடம் போய்த்தான் நான் பஞ்சி என்று சொன்னேன்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பஞ்சி என்றால் சோம்பல். வெறும் சோம்பல் என்றும் சொல்ல முடியாது, அலுப்பும் மனமில்லாமையும் சேர்ந்தது. கடைக்குப் போகவேணும், பஞ்சியாக் கிடக்கு. குளிக்கவேணும், பஞ்சியாக் கிடக்கு. இந்தக் குளிரில், காலை எட்டு மணிக்கும் விடியாத நாட்டில், பஞ்சி என்கிற சொல் இல்லாமல் நாங்கள் எப்படி உயிரோடு இருந்திருப்போம் என்று தெரியவில்லை.

கோயம்புத்தூரில் இப்படி ஒரு சொல்லே கிடையாதாம். அங்கே பஞ்சு உண்டு. பஞ்சு மில்களில் வேலை செய்தவர்களுக்கு அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி, மூச்சை அடைத்து, ஆளைச் சாய்த்துவிடும். "அவருக்கு நெஞ்சுல பஞ்சு" என்று சொன்னால் அந்த ஊரில் அது ஒரு நோய். அந்த நோய் அவளுடைய தகப்பனுக்கு இருந்தது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

ஆலைக்கு வந்து நான் நின்ற இடத்தைக் காட்டச் சொல்லி அவள் கேட்கும்போதெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான்.

"நாளைக்குப் பாப்பம் பிள்ளை. இண்டைக்குப் பஞ்சியாக் கிடக்கு."

அது கார்த்திகை மாதம். எனக்கு ஒரு இருமலும் இருந்தது. இருமிக்கொண்டேதான் சொல்லியிருப்பேன். அவள் முகம் சட்டென்று மாறியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெளியே மழை, அதற்குத்தான் என்று நினைத்தேன்.

அன்று மாலை நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறேன். குசினிக்குள் அவள் என் மனைவியிடம் மெதுவாகக் கேட்பது காதில் விழுகிறது.

"ஏனுங்க ஆன்ட்டி, அங்கிளுக்கு எத்தன வருசமா இந்தப் பஞ்சு இருக்குதுங்க?"

"பஞ்சியோ?" என் மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள். "அது அவருக்குப் பிறவியிலேயே இருக்குப் பிள்ளை."

"பிறவியிலேயேங்களா!"

"ஓம். அவருக்கு மட்டுமே? அவரின்ர தமையனுக்கும் இருக்கு, தங்கச்சிக்கும் இருக்கு. அதுகள் குடும்பத்தோட அப்பிடித்தான்."

"மருந்து ஏதும் எடுத்துக்கலீங்களா?"

"இதுக்கு எங்க பிள்ளை மருந்து? சோறு திண்டால் இன்னும் கூடும். ஞாயிற்றுக்கிழமையில எழும்பவே மாட்டார்."

"நீங்க எப்படிங்க ஆன்ட்டி தாங்குறீங்க?"

"என்ன செய்யிறது, கட்டிப்போட்டன்" என்றாள் என் மனைவி. "ஆனா ஒண்டு, ஆரும் விருந்துக்குக் கூப்பிட்டால் மட்டும் பஞ்சி பறந்திடும்."

மனைவி வழக்கம்போல என்னை வாருகிறாள் என்று நான் இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளையும் சேர்ந்து பகிடி விடுகிறாள் என்று மனைவி நினைத்திருக்கிறாள். இந்தப் பிள்ளை பகிடி விடத் தெரியாதவள் என்பது எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் மாறியது. நான் கடையிலிருந்து வந்தால் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொள்வாள். என்னோடு நடந்தால் ஒரு அடி பின்னால், என் மூச்சைக் கேட்டுக்கொண்டே வருவாள். காலையில் சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் மேசையில் இருக்கும். என் கட்டிலில் பஞ்சுத் தலையணை இருந்தது, அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு, "இது இனி வேண்டாமுங்க" என்றாள். நான் படி ஏறினால், கீழே நின்று நான் மேலே போய்ச் சேருகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள். முதலில் எனக்கு இது நன்றாகத்தான் இருந்தது. சொந்தப் பிள்ளைகளே என்னை இப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றை நிறுத்திவிட்டாள். நான் எங்கே நின்றேன் என்று கேட்பதை.

போர்த்துக்கல்காரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனாள். குரோவாசியாக்காரப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கீழே வேலை பழகிய ஒரு சுவிஸ்காரனையும் கூட்டிப்போய் நிறுத்தினாள். என்னைக் கூப்பிடவில்லை. முன்பு அவள் கேட்டபோது போகாதவன்தான் நான். ஆனாலும் கேட்காமல் விடுகிறபோது அது வேறு. அந்த ஆலையில் நூல் சுற்றுகிற பகுதியில் என் கைக்கு ஈடு சொல்ல ஒருவன் இல்லை என்று மேலாளரே சொன்னவர். என்னை விட்டுவிட்டு என்ன ஆராய்ச்சி?

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"என்ன பிள்ளை, என்னைக் கூப்பிடுற எண்ணம் இல்லையோ?"

அவள் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "அது மூணாவது மாடிங்களே அங்கிள். லிஃப்ட்டு வேற ரிப்பேரு. நீங்க முதல்ல டாக்டர்கிட்ட நெஞ்சைக் காட்டிருங்க. ஒண்ணும் இல்லைன்னு அவங்க சொல்லட்டும். அப்புறம் நானே கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கென்ன? நான் ஒரு நாள் கூட வருத்தம், காய்ச்சல் எண்டு லீவு எடுக்காதவன்."

"தெரியுமுங்க" என்றாள். "அப்படிப்பட்டவங்களுக்குத்தான் வருமுங்க."

அப்போது அவள் கண்ணைப் பார்த்தேன். சும்மா சொல்லவில்லை. பயந்திருந்தாள். என்னைப் பற்றி இப்படி ஒருவர் பயந்து நான் கண்டதில்லை. நான் சம்மதித்தது இருமலுக்காக அல்ல, அந்த மூன்றாம் மாடிக்காக. பாதி அந்தக் கண்ணுக்காக.

அவளே போன் எடுத்து நேரம் பதிந்தாள். வைத்தியர் ஒரு பெண். நெஞ்சைப் படம் எடுத்தார், ஒரு குழாயில் ஊதச் சொன்னார். நான் கோயில் சங்கை ஊதுகிற மாதிரி ஊதினேன். மறுபடி கூப்பிட்ட நாளில், அந்தப் பிள்ளையும் என்னோடு உள்ளே வந்து, கதிரையின் விளிம்பில் இருந்தாள். இரண்டு கையையும் முழங்காலுக்குள் இறுக்கி வைத்திருந்தாள்.

"படம் சுத்தமாக இருக்கிறது. மூச்சும் இந்த வயதுக்கு நல்லது" என்றார் வைத்தியர். பிறகு தன் திரையைப் பார்த்து, "நேரம் பதியும்போது நெஞ்சுக்குள் பருத்தி என்று சொல்லியிருக்கிறீர்கள். யார் அப்படிச் சொன்னது?" என்று கேட்டார்.

அவள் என்னைக் காட்டினாள். "இவர்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானோ? நான் எப்ப பிள்ளை சொன்னனான்?"

"தினமும் சொல்றீங்களே அங்கிள். இன்னைக்குப் பஞ்சா கிடக்குதுன்னு."

"அது பஞ்சு இல்லைப் பிள்ளை, பஞ்சி!"

"அதேதானுங்க. பஞ்சு."

"பஞ்சு இல்லையெண்டுறன்! பஞ்சி! அந்த ஆலையில பருத்தியே கிடையாது. மரக்கூழில இருந்து இழுத்த நூல். பஞ்சி எண்டால்..."

எண்டால் என்ன? வைத்தியர் என்னைப் பார்க்கிறார், அவள் என்னைப் பார்க்கிறாள். இந்த நாட்டில் உழைப்பாளி என்று பெயர் எடுத்தவன் நான். அந்தப் பெயரை வைத்துத்தான் வீடு வாங்கினேன், வான் வாங்கினேன். கடைசியில் வைத்தியருக்கு முன்னால் இருந்துகொண்டு, என் நோயின் பெயரைச் சுவிஸ் ஜெர்மனில் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"ஃபூல்" என்றேன். சோம்பேறி என்று அர்த்தம்.

வைத்தியருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதற்கு நான் மருந்து எழுதுவதில்லை" என்றார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "களைப்பு என்றால் அது வேறு. அதையும் ஒரு நாள் வந்து சொல்லுங்கள்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப நெஞ்சுல எதுவும் இல்லீங்களா?" என்றாள். வைத்தியர் இல்லை என்றார். வாசலுக்கு வந்த பிறகு என்னிடம் மறுபடி கேட்டாள். "எதுவுமே இல்லீங்களா அங்கிள்?"

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. வெறும் பஞ்சி."

எம்மே ஆற்றங்கரையில் ஒரு மர வாங்கில் போய் இருந்தோம். அவளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிறவியிலேயே இருக்குதுன்னு ஆன்ட்டி சொன்னாங்களே! விருந்துன்னா பறந்துடும்னு சொன்னாங்களே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டு இருந்தவள் எந்த இடத்தில் அழத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கப்பாவும் சொன்னாருங்க" என்றாள். "மில்லு மூடுனதுக்கப்புறம் வேற வேலைக்குப் போகாம வீட்டுலயே உக்காந்திருந்தாரு. மாடிப்படி ஏற மாட்டாரு. தண்ணிக் குடம் தூக்க மாட்டாரு. கேட்டா, நெஞ்சுல பஞ்சு அடைச்ச மாதிரி இருக்குதும்மான்னு சொல்லுவாரு. நாங்க யாருமே நம்பலீங்க. சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்குன்னு பாட்டி சொன்னாங்க, அம்மா சொன்னாங்க. நானும் சொன்னேன். எட்டாவது படிச்சிட்டிருந்தேன். 'நடிக்காதீங்கப்பா'ன்னு சொன்னேனுங்க."

ஆறு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப மூக்குல குழாயோட இருக்காரு. அதுலருந்து யாரு என்ன சொன்னாலும் அப்படியே எடுத்துக்குவேன். தப்பாப் போனாலும் பரவாயில்லீங்க, என்னையப் பாத்துச் சிரிச்சாலும் பரவாயில்லீங்க."

ஒரு வீட்டில் பஞ்சு இருந்தபோது எல்லோரும் அதைப் பஞ்சி என்றார்கள். இன்னொரு வீட்டில் பஞ்சியைப் போய் இவள் பஞ்சு என்றாள். அவ்வளவுதான் எனக்கு விளங்கியது. எழும்பி நின்றேன்.

"வா பிள்ளை. நான் நிண்ட இடத்தைக் காட்டுறன்."

மூன்று மாடி. அவள் எனக்குப் பின்னால் ஒரு படி விட்டு வந்தாள். இரண்டாவது மாடியில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் கேட்பதற்கு முதலே, "பஞ்சிதான்" என்றேன். நான் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

நூல் சுற்றும் பகுதி இருந்த நீள மண்டபம் இப்போது வெள்ளை அடித்து வெறுமையாகக் கிடந்தது. மேசைகளில் பிள்ளைகள் கணினியோடு இருந்தார்கள். ஆற்றைப் பார்க்கிற யன்னல், அதிலிருந்து மூன்றாவது தூண், அதற்கு இடது பக்கம். கண்ணை மூடிக்கொண்டும் போவேன். போனால் அந்த இடத்தில் ஒரு கோப்பி இயந்திரம் நின்றது.

"அதுக்கு முன்னாலேங்களா?"

"அதுதான். அதே இடம்தான்."

நின்றேன். பாதம் இரண்டையும் அந்தக் காலத்தில் வைக்கிற மாதிரி அகட்டி வைத்தேன். கையைச் சும்மா விட முடியவில்லை, அது தானாக நூலைத் தேடி எழும்பியது. அந்த இரைச்சல் இல்லை. அந்த மணம் இல்லை. முழங்கால்தான் ஞாபகம் வைத்திருந்தது. அங்கே நின்ற காலத்தில் எனக்குப் பஞ்சி என்று சொல்ல ஒரு ஆள் இருக்கவில்லை. தனி ஆளாக இருந்தேன். இத்தனை வருடமாக நான் வீட்டில் இருந்து சொன்ன பஞ்சி எல்லாம், அப்போது சொல்லாமல் விட்டது என்று நினைக்கிறேன்.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினால், கையில் கோப்பையோடு ஒரு பொடியன், அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"நீங்கள் வரிசையில் நிற்கிறீர்களா?" என்று ஜெர்மனில் மரியாதையாகக் கேட்டான்.

"ஷோ லாங்" என்றேன். கனகாலமாக.

அவன் விளங்காமல் தலையாட்டினான். அந்தப் பிள்ளை மட்டும், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பொடியனுக்கு இடம் விட்டேன். இயந்திரம் உறுமியது. அவன் எனக்கும் ஒரு கோப்பி எடுத்துத் தந்தான், நல்ல பொடியன்.

பனி கரைகிற காலத்தில் அவள் ஊருக்குப் போனாள். படிப்பை முடித்தாள், எங்கேயோ வேலையும் கிடைத்ததாம். நாள் போகப் போகப் போனில் கதைக்கிறதும் குறைந்துவிட்டது. அது அப்படித்தான். ஆனால் போன புதிதில் குரலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அதை என் மனைவி இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

"ஏனுங்க அங்கிள், நம்ம கதையை அப்பாகிட்டச் சொன்னேன். சிரிச்சுச் சிரிச்சு மூச்சு வாங்கி, நான் பயந்தே போனேனுங்க. இப்பெல்லாம் காலைல எழுந்திரிக்கலேன்னா அவரே சொல்றாரு, 'பயப்படாத கண்ணு, இன்னைக்குப் பஞ்சு இல்ல, வெறும் பஞ்சிதான்'னு. அப்படிச் சொல்ற அன்னைக்கு நாங்க நிம்மதியா இருக்கோமுங்க."

எங்கள் சொல்லில் ஒன்று கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் இப்போது புழங்குகிறது. நான் இந்த உலகத்தில் செய்ததில் இதையும் சேர்த்துச் சொல்லலாம், தப்பில்லை.

இங்கே எங்கள் வீட்டில்தான் அந்தச் சொல் பழையபடி இல்லை. கொம்பனியை மகன் பார்க்கிறான். நான் காலையில் எழும்பி வந்து யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எழும்பிப் போக வேலை இருந்தாலும் உடம்பு வருவதில்லை. களைப்பு என்றால் ஒரு நாள் வந்து சொல்லும்படி வைத்தியர் சொன்னார், போகவில்லை. இன்று காலையும் மனைவி குப்பைப் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, கீழே கொண்டுபோய்ப் போடச் சொன்னாள். நான், "பஞ்சியாக் கிடக்கு" என்றேன்.

முன்பு என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பாள். இப்போது போகவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, எந்தப் பஞ்சி?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அந்தப் பிள்ளை நிற்கிற மாதிரியே நின்றாள்.

"பொறு" என்றேன். "பாத்துச் சொல்லுறன்."